ஒரே இயக்கம், இரண்டு வரிசைகள்

நாட்டின் பெரும்பாலான அரசுப் பள்ளிகள் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிகள். எட்டாம் வகுப்பில் ஒரே கரும்பலகை, ஒரே பாடநூல், ஒரே தேர்வு. மாலையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் பயிற்சி தொடங்கியதும் அந்த வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சிறுவர்கள் சாரணர் படைக்கும் சிறுமிகள் சாரணியர் படைக்கும் போகிறார்கள். தொடக்கப் பள்ளியில் குருளையர், நீலப்பறவையர் என்று தொடங்கும் இந்தப் பிரிவு, பள்ளியை விட்ட பின்னும் திரிசாரணர், திரிசாரணியர் என்று தொடர்கிறது. முடிச்சுப் போடுதல், முதலுதவி, திசையறிதல், கூடாரமடித்தல் என்று இரு தரப்புக்கும் சொல்லித் தரப்படுவது ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே பாடத்துக்கு ஏன் இரண்டு வரிசைகள் என்ற கேள்வி மட்டும் எழுப்பப்படுவதே இல்லை.

தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் விலைவாசியும் கழுத்தை நெரிக்கும் காலத்தில் சாரணர் முகாமைப் பற்றி என்ன விவாதம் என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் சாரணர் இயக்கம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. அரசின் அங்கீகாரத்தோடு, அரசுப் பள்ளிகளின் வழியாக நடக்கும் இயக்கம் அது. மாநில ஆளுநர் விருது, குடியரசுத் தலைவர் விருது என்று படிப்படியாகச் சான்றிதழ்கள் தருகிறது. இந்திய ரயில்வேயில் சாரணர்–சாரணியருக்கென்று தனி ஒதுக்கீட்டில் ஆளெடுப்பு நடக்கிறது. சில மாநிலங்களில் பொதுத் தேர்விலும் இதற்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. நகரத்துத் தனியார் பள்ளி மாணவருக்கு இது சுயவிவரக் குறிப்பில் ஒரு வரி. விவசாயத் தொழிலாளியின் மகளுக்கோ நிரந்தர அரசு வேலைக்கான அரிய வாசல்களில் ஒன்று.

அந்த வாசல் எங்கே அடைபடுகிறது என்று பார்க்க வேண்டும். சாரணியர் படைக்கு ஒரு பெண் ஆசிரியைதான் பொறுப்பேற்க வேண்டும் என்பது விதி. பொறுப்பேற்பவர் முதலில் பல நாள் பயிற்சி முகாமுக்குச் சென்று வர வேண்டும். பிறகு விடுமுறை நாட்களில் மாணவியரை அழைத்துக்கொண்டு மாவட்ட முகாம், மாநில முகாம் என்று வெளியூரில் தங்க வேண்டும். இவற்றுக்குத் தனி ஊதியம் எதுவும் கிடையாது. மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதில் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். பள்ளி முடிந்து வீடு திரும்பி ஐந்து மணி நேரம் அடுப்பங்கரையிலும் துணி துவைக்கும் கல்லிலும் நிற்கும் ஆசிரியை ஒருவர் வாரம் முழுவதும் முகாமுக்குப் போவது எளிதா? அவருடைய ஆண் சக ஆசிரியருக்கு அந்தத் தடை இல்லை. அந்தப் பள்ளியில் சாரணர் படை மட்டும் அமைந்துவிடுகிறது. சாரணியர் படை காகிதத்தில் இருக்கும்; அல்லது காகிதத்திலும் இராது. மாணவி சேர விரும்பினாலும், “உங்களுக்கு ஆசிரியை இல்லை” என்ற பதிலோடு வீடு திரும்புகிறாள். ஆசிரியையின் மேல் விழும் ஊதியமற்ற வீட்டு உழைப்பின் விலையை மாணவியும் சேர்த்துக் கொடுக்கிறாள். பிரித்து வைக்கும் விதி இருக்கும் வரை இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இந்தப் பிரிவினை இந்தியாவில் பிறந்ததல்ல. இந்தியப் பண்பாடு, பெண்மை என்றெல்லாம் இன்று இதற்குப் பொன்முலாம் பூசுவோர் இதன் பிறப்பிடத்தை அறிந்துகொள்வது நல்லது. போயர் போரில் மாஃபெகிங் முற்றுகையால் புகழ்பெற்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பேடன்–பவல், 1907இல் பிரௌன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் முதல் முகாமை நடத்தினார். அடுத்த ஆண்டு சிறுவர்களுக்கான சாரணர் நூல் வெளிவந்தது. அந்த நூலைச் சிறுமிகளும் வாங்கிப் படித்தார்கள். யாரும் அழைக்காமலேயே தாங்களாகவே அணி அமைத்துக்கொண்டார்கள். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர்கள் திரண்டபோது, ஒரு சிறு கூட்டமாகச் சிறுமிகளும் வந்து நின்று தங்களையும் ஆய்வு செய்யுமாறு கேட்டார்கள். பேடன்–பவலின் விடை 1910இல் வந்தது. அவருடைய சகோதரி ஆக்னஸின் தலைமையில் சிறுமிகளுக்கென்று ஒரு தனி அமைப்பு தொடங்கப்பட்டது. விலங்குகளின் பெயரில் அணி அமைத்திருந்த சிறுமிகளுக்குப் பூக்களின் பெயர்கள் தரப்பட்டன. 1912இல் அவர்களுக்காக வெளிவந்த கையேட்டின் துணைத் தலைப்பே, பேரரசைக் கட்டியெழுப்பச் சிறுமிகள் எவ்வாறு உதவலாம் என்பதுதான். சிறுவன் பேரரசின் எல்லையைக் காக்க வேண்டும், சிறுமி பேரரசின் தொட்டிலை ஆட்ட வேண்டும் என்ற வேலைப் பங்கீடு அதில் வெளிப்படையாக இருந்தது.

இதே காட்சி இந்திய மண்ணில் வேறொரு வேடத்தில் அரங்கேறியது. 1925இல் ஆண்களுக்கு மட்டுமென்று தொடங்கப்பட்ட ஆர்.எஸ்.எஸ். அமைப்பில் பெண்களுக்கு இடம் கேட்டு லட்சுமிபாய் கேல்கர் ஹெட்கேவாரை அணுகினார். ஷாகாவின் கதவு திறக்கவில்லை. தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கிக்கொள்ளலாம் என்பதே பதில். 1936 விஜயதசமியன்று வார்தாவில் ராஷ்ட்ர சேவிகா சமிதி பிறந்தது. ஷாகா இன்றளவும் ஆண்களுக்கு மட்டுமே உரியது. பேரரசுவாதியும் இந்து ராஷ்டிரவாதியும் ஒருவரையொருவர் கலந்து பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் சேர வந்த பெண்ணைத் தனி அறைக்கு அனுப்புவதில் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

சாரணர் இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே அதில் இடம் இருந்தது. 1911இல் ஜபல்பூரில் தொடங்கிய சாரணியர் இயக்கத்தின் கதையும் அதுவே. நம்பகமற்றவர்கள் என்று இந்தியச் சிறுவர்கள் வெளியே நிறுத்தப்பட்டதால்தான், முதல் உலகப் போர் ஆண்டுகளில் அன்னி பெசன்ட் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு ஆகியோரின் ஆதரவோடு சேவா சமிதி சாரணர் சங்கம் எழுந்தது. விடுதலைக்குப் பிறகு இந்தப் பல சங்கங்களும் இணைந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் அமைப்பு உருவானது. சாரணியர் சங்கம் 1951 ஆகஸ்ட் 15 அன்று அதில் இணைந்தது. நிறத்தின் பெயரால் இருந்த தனிப் படைகள் முற்றிலும் ஒழிந்தன. பால் அடிப்படையிலான தனிப் படைகள் மட்டும் அப்படியே நின்றன. உலகின் பல நாடுகளில் சாரணருக்கும் சாரணியருக்கும் இரு வேறு அமைப்புகள் இருக்கும்போது, இந்தியாவில் ஒரே அமைப்பு, ஒரே தலைமையகம் என்பது 1951இல் முற்போக்கான ஏற்பாடுதான். கூரை ஒன்றானதோடு வேலை முடிந்துவிட்டது என்று இருந்துவிட்டதுதான் குறை. இயக்கம் பிறந்த பிரிட்டனிலேயே 1976இல் மூத்த பிரிவிலும் 1991இல் எல்லாப் பிரிவுகளிலும் சிறுமிகள் சேர வழி திறந்தது. 2007க்குப் பிறகு அங்கே எந்தச் சாரணர் குழுவும் சிறுமிகளை மறுக்க முடியாது. எஜமானர்கள் கைவிட்ட பழைய சட்டையை இங்கே நம் பண்பாட்டு உடை என்று போற்றி வைத்திருக்கிறார்கள்.

தொழிலாளர் இயக்கம் தொடக்கத்திலிருந்தே வேறு வழியில் சென்றது. சோவியத் ஒன்றியத்தில் 1922இல் தொடங்கிய பயனீர் இயக்கம் சாரணர் இயக்கத்திடமிருந்து கழுத்துத் துணியை எடுத்துக்கொண்டு செந்நிறம் தந்தது. ஆண் பெண் பிரிவினையை எடுத்துக்கொள்ளவில்லை. பேடன்–பவலின் ராணுவ மணத்தை வெறுத்த பிரிட்டிஷ் தொழிலாளர் குடும்பங்கள், கூட்டுறவு இயக்கத்தின் துணையோடு 1925இல் ‘வுட்கிராஃப்ட் ஃபோக்’ என்ற அமைப்பைக் கண்டன. அதில் சிறுவர் சிறுமியர் முதல் நாளிலிருந்தே ஒன்றாக முகாமிட்டார்கள். கேரளத்தில் 1938 டிசம்பரில் கல்யாசேரியில் தொடங்கிய தேசிய பாலசங்கத்தின் முதல் தலைவர் தோழர் இ.கே. நாயனார். இன்றைய பாலசங்கத்தின் மாநிலத் தலைவராக இருந்த ஆர்யா ராஜேந்திரன் 2020 டிசம்பரில், 21 வயதில், திருவனந்தபுரத்தின் மேயரானார். சிறுவர்களும் சேர்ந்த ஓர் அமைப்புக்குத் தலைமை தாங்கிப் பழகியவர் அவர். சிறுமிகளுக்கு மட்டுமான அமைப்பிலும் தலைமைப் பண்பு வளரும். ஆனால் ஆண்களை அமரவைத்துக் கூட்டம் நடத்தும் பழக்கம் அங்கே எப்படி வரும்?

பிரித்து வைப்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் பாதுகாப்பு. பெற்றோரின் அச்சத்தை ஏளனம் செய்யக்கூடாது. மகளை வெளியூர் முகாமுக்கு அனுப்பும் தாயின் இரவு எப்படி இருக்கும் என்று அறியாதவர் யாருமில்லை. ஆனால் எது பாதுகாப்புத் தருகிறது என்பதை உண்மையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கச் சாரணர் அமைப்பு நூறாண்டுகளுக்கும் மேலாகத் தன்னைச் சிறுவர்களின் அமைப்பு என்றே அழைத்துக்கொண்டது. 2020 பிப்ரவரியில் அது திவால் மனுப் போட்டது. சிறு வயதில் அதன் தலைவர்களாலும் தொண்டர்களாலும் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக இழப்பீடு கோரியவர்கள் 82,000க்கும் மேற்பட்டோர். 246 கோடி டாலர் அளவிலான தீர்வுத் திட்டத்துக்கு அது ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கோரியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்; பெரும்பாலும் சிறுவர்கள் மட்டுமே இருந்த படைகளில் வளர்ந்தவர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களைப் பற்றிய ரகசியக் கோப்புகளை அந்த அமைப்பு பல பத்தாண்டுகளாகத் தன் அலமாரியில் வைத்திருந்தது. அவற்றில் ஒரு பகுதி 2012இல் நீதிமன்ற உத்தரவால்தான் வெளியே வந்தது. அங்கே சிறுமிகள் இல்லாதது எந்தச் சிறுவனையும் காப்பாற்றவில்லை. குழந்தைக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் பக்கத்துக் கூடாரத்துச் சக மாணவரிடமிருந்து அல்ல. கேள்வி கேட்க முடியாத அதிகாரத்தில் இருக்கும் பெரியவரிடமிருந்து. குழந்தையோடு எந்தப் பெரியவரும் தனித்து இருக்கக்கூடாது, புகார் சொல்ல அமைப்புக்கு வெளியே ஓர் ஆள் இருக்க வேண்டும், புகார் வந்தால் போக்சோ சட்டப்படி காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று மூடக்கூடாது. பாதுகாப்பு என்றால் இவைதான். இவை இல்லாத முகாமில் பிரித்து வைத்தாலும் ஆபத்து. இவை இருந்தால் சேர்த்து வைத்தாலும் ஆபத்து குறையும்.

அமெரிக்க அமைப்பு பின்னர் சிறுமிகளைச் சேர்த்துக்கொண்டதையும் சிலர் முன்மாதிரி என்று காட்டுகிறார்கள். 2017இல் அறிவித்து, 2019 பிப்ரவரியில் மூத்த பிரிவையும் திறந்தது. 2025இல் பெயரிலிருந்து ‘பாய்’ என்ற சொல்லும் போனது. ஆனால் உறுப்பினர் எண்ணிக்கை சரிந்த காலத்தில் எடுக்கப்பட்ட முடிவு அது. சிறுமிகளுக்குத் தனிப் படை என்ற நிபந்தனையோடுதான் கதவும் திறந்தது. சிறுமியர் சாரண அமைப்பு, தன் வர்த்தகப் பெயர் பாதிக்கப்படுகிறதென்று நீதிமன்றத்துக்குப் போனது. 2022இல் வழக்குத் தள்ளுபடியானது. சந்தைப் பங்குக்காக இரண்டு நிறுவனங்கள் மோதிக்கொண்டதைச் சமத்துவம் என்று கொண்டாட இடதுசாரிகளுக்கு அவசியமில்லை.

பாதுகாப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இந்தியாவில் இன்னொரு அச்சமும் ஒளிந்திருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்ல யாரும் விரும்புவதில்லை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த ஆய்வுரையில், அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் நிறுவினார். அகமணம் நிலைக்க வேண்டுமானால் இளம் ஆணும் பெண்ணும் சாதி எல்லை தாண்டிச் சமமாகப் பழகும் இடங்கள் இருக்கக்கூடாது. ஒரே வகுப்பறை இருக்கலாம். அங்கே ஆசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒன்றாகச் சுமை தூக்கி, ஒன்றாகச் சமைத்து, ஒரே பாத்திரத்தில் உண்டு, இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடும் முகாமோ வேறு வகை நெருக்கம். மதத்தின் பெயரால் பேசுவோர் எல்லா நிறத்திலும் இந்த நெருக்கத்தை எதிர்ப்பதன் காரணம் இதுதான். காதலர் தினத்தில் பூங்காவில் தடியோடு திரிவோரும், கேரளப் பள்ளிகளில் 2025 ஜூனில் ஜூம்பா உடற்பயிற்சிக்கு எதிராகக் குரல் எழுப்பியோரும் ஒருவரையொருவர் பகைவர்களாகக் கருதுபவர்கள். ஆணும் பெண்ணும் ஒரே களத்தில் நிற்பதைக் கண்டால் மட்டும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

கேரளம் இந்த விஷயத்தில் ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 2022 ஜூலையில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், தனிப் பாலினப் பள்ளிகள் அனைத்தையும் அடுத்த கல்வியாண்டிலிருந்து கலப்புப் பள்ளிகளாக்க உத்தரவிட்டது. அப்போது அங்கே 280 பெண்கள் பள்ளிகளும் 164 ஆண்கள் பள்ளிகளும் இருந்தன. அதே ஆண்டு பாடத்திட்டச் சீரமைப்புக்கான விவாதக் குறிப்பில் பாலினச் சமத்துவ இருக்கை என்ற சொல் இடம்பெற்றது. மத அமைப்புகளின் எதிர்ப்பு கிளம்பியதும் இருக்கை என்பது பள்ளிச் சூழல் என்று மாற்றப்பட்டது. எதிர்ப்பாளர்களைத் திருப்திப்படுத்த ஒரு சொல்லை விட்டுக்கொடுப்பது சிறு விஷயம் போலத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொல்லுக்காக ஊர் ஊராகப் பெற்றோரிடம் பேசும் வேலையும் அதோடு கைவிடப்பட்டால், இழப்பு சிறிதல்ல. மேலிருந்து வரும் உத்தரவு மட்டும் போதாது என்பதே அங்கிருந்து பெற வேண்டிய எச்சரிக்கை.

அதே கேரளத்தில் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் நடந்த இன்னொரு சோதனை பலர் கண்ணில் படவில்லை. 2010இல் தொடங்கிய மாணவர் காவல் படைத் திட்டத்தில், 44 பேர் கொண்ட ஓர் அணிக்குக் கலப்புப் பள்ளிகளில் 22 சிறுவர்களும் 22 சிறுமிகளும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பயிற்சி தரும் காவலர்களிலும் ஆண் ஒருவர், பெண் ஒருவர். சிறுவர்களைப் போலீஸ் அணிவகுப்புக்குப் பழக்குவது குறித்து இடதுசாரிகளுக்கு ஐயம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் ஒரே அணியில் சிறுவனும் சிறுமியும் பத்தாண்டுகளுக்கு மேலாக நடந்து காட்டியிருக்கிறார்கள். வானம் இடிந்து விழவில்லை. ராணுவத்துக்கு ஆள் தயாரிக்கும் சைனிக் பள்ளிகள்கூட 2018இல் மிசோரமில் முதல் முறையாகச் சிறுமிகளைச் சேர்த்து, 2021–22 முதல் எல்லா இடங்களிலும் கதவைத் திறந்துவிட்டன. ராணுவப் பள்ளிக்கு முடிந்தது சாரணர் இயக்கத்துக்கு ஏன் முடியவில்லை?

இனி, தனிப் படைகளுக்கு ஆதரவான வாதங்களில் வலிமையானதைப் பார்க்க வேண்டும். அது மதவாதிகளிடமிருந்து வருவதல்ல. சாரணியர் இயக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் உழைத்த பெண்களிடமிருந்து வருவது. கலப்பு அணியில் சிறுவர்கள் கூடாரத்தையும் கோடரியையும் எடுத்துக்கொள்வார்கள், சிறுமிகள் கையில் வெங்காயமும் கத்தியும் வந்து சேரும். தலைவர் சிறுவன், குறிப்பெழுதுபவர் சிறுமி என்றாகிவிடும் என்கிறார்கள் அவர்கள். மறுக்க முடியாத உண்மை. கட்சியின் கல்வி முகாம்களிலும் மாநாடுகளிலும் தேநீர்க் கோப்பைகள் யார் கையால் வந்து யார் கையால் கழுவப்படுகின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தாலே போதும், இதற்கு வேறு சான்று தேவையில்லை. உழைக்கும் பெண்களுக்கு மாதர் சங்கம் தனியாக இருப்பதைப் போல, சிறுமிகளுக்கும் தனி இடம் வேண்டாமா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

இரண்டுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. மாதர் சங்கம் போராடுவதற்காகப் பெண்கள் தாங்களே அமைத்துக்கொண்ட அமைப்பு. அதில் இருப்பவர் தொழிற்சங்கத்திலும் கட்சியிலும் ஆண்களோடு சேர்ந்து உறுப்பினராக இருக்க எந்தத் தடையும் இல்லை. சாரணியர் படையோ சிறுமியின் விருப்பத்தைக் கேட்டு அமைவதல்ல. வேறு படை அவளுக்குக் கிடையாது என்பதால் அமைவது. தனி இடம் உரிமையாக இருக்கலாம், விதியாக இருக்கக்கூடாது. சாரணர் முறையின் அடிப்படை அலகு ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட அணி. படை கலப்பாக இருந்தாலும், அணியைச் சிறுமிகள் விரும்பினால் தனியாகவே வைத்துக்கொள்ள முடியும். பல நாடுகளில் அப்படித்தான் நடக்கிறது. சிறுமிகளுக்கு மட்டுமான படை வேண்டும் என்று ஒரு பள்ளியின் மாணவியர் கேட்டால், அதுவும் இருக்கட்டும். கலப்புப் படைக்கும் அனுமதி வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அந்த அனுமதி வெறும் காகிதமாக இருந்தால் சாரணிய ஆசிரியைகளின் அச்சம் மெய்யாகிவிடும். சமையலும் கூடாரமும் விறகும் தண்ணீரும் எல்லா அணிகளுக்கும் நாள் முறையில் சுழல வேண்டும். அடுப்பை மூட்டத் தெரியாத சிறுவன் எந்தப் படியையும் தாண்டக்கூடாது. அணித் தலைமை வாக்கெடுப்பில் முடிவாக வேண்டும்; படையின் தலைமை ஆண்டுதோறும் மாற வேண்டும். ஒவ்வொரு கலப்புப் படைக்கும் ஓர் ஆசிரியரும் ஓர் ஆசிரியையும் சம அதிகாரத்தோடு பொறுப்பேற்க வேண்டும். ஆசிரியை ஆசிரியருக்கு உதவியாளராக அல்ல. தூங்கும் இடமும் கழிப்பறையும் தனித்தனியாக, பூட்டும் வெளிச்சமும் உள்ளவையாக இருக்க வேண்டும். மாதவிடாய் நாளில் முகாமுக்கு வராதே என்று சொல்லும் பழக்கம் ஒழிய வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய சட்டத் திருத்தம் தேவையில்லை.

தேவைப்படுவது பணம். இங்கேதான் மாநில அரசுகள் கையை விரிக்கும். இரண்டு ஆசிரியர்களுக்கும் முகாம் நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கிட வேண்டும், ஈடுசெய் விடுப்பு தர வேண்டும், பயணப்படி தர வேண்டும், கைக்குழந்தையுள்ள ஆசிரியைக்கு முகாமில் குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு வேண்டும் என்பவை ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இதுவரை பெரிதாக இடம்பெறவில்லை. மாணவர் அமைப்புகளின் மாநாட்டுத் தீர்மானங்களிலும் சாரணர் இயக்கம் கண்ணில் படுவது அரிது. பாரத சாரண சாரணியர் அமைப்பின் மாவட்டக் குழுக்களில் இடதுசாரி ஆசிரியர்கள் பலர் ஏற்கெனவே பொறுப்பில் இருக்கிறார்கள். தங்கள் மாவட்டத்தில் எத்தனை கலப்புப் பள்ளிகளில் சாரணர் படை மட்டும் இருக்கிறது, சாரணியர் படை இல்லை என்ற பட்டியலை அவர்கள் முதலில் எடுக்கட்டும். அந்தப் பட்டியலோடு மாவட்டக் கல்வி அலுவலரைச் சந்திக்க ஆசிரியர் சங்கமும் மாதர் சங்கமும் மாணவர் அமைப்பும் ஒன்றாகப் போகலாம். பெற்றோர் கூட்டம் அதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். அதில் பேச வேண்டியவர் தலைமை ஆசிரியரல்ல, முகாமுக்குப் போய்வந்த ஒரு மாணவி.